கொழுந்து குறைந்த வாரம்

செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், எங்கள் ஊர் ஓப்பநாயக்கவிலிருந்து யோகேஸ்வரியின் தம்பி அழைத்தான். “அக்கா, யோகாக்கா காலையில போயிட்டாங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க. லீவு ஃபோர்ம்ல காரணத்தை ஒழுங்கா எழுதிட்டு வரணுமாம்.” அழத் தொடங்கியிருந்தவள் சிரித்துவிட்டேன். அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு ஏனென்று புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ஒன்றாகக் கணிதம் படித்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனம் தன் ஆய்வுப் பிரிவுக்குக் கணிதப் பட்டதாரி ஒருவரைத் தேடியது. தேயிலைக் கம்பனிகளின் எண்களை வைத்து அவற்றின் பங்கு விலையைக் கணிக்கும் வேலை. இடம் ஒன்று. நேர்முகத்துக்கு எங்கள் இருவருக்கும் கடிதம் வந்தது. ஒரே ரொட்டிப் பார்சலோடு முதல் பஸ்ஸில் போனோம். இரத்தினபுரி வரை நான் சூத்திரங்களை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். முன் சீட்டிலிருந்த சிங்களப் பெண் திரும்பிப் பார்த்தார். “போதும்டி. முன் சீட்டு நோனா நீ மந்திரம் சொல்றன்னு நெனச்சிட்டாங்க” என்றாள் யோகா.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தோட்டத்தின் வாராந்தரக் கொழுந்து எடையைப் பல வருடங்களுக்குக் கொடுத்து, அடுத்த வருடத்தைக் கணிக்கச் சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் எடை பாதியாக விழுந்திருந்தது. அதுவும் ஒவ்வொரு வருடமும் வேறு வாரம். பார்த்தவுடனே தெரிந்தது, கோயில் திருவிழா. தேர் ஓடும் நாட்களில் யார் கொழுந்து பறிப்பார்கள்? ஆனால் அந்தக் குளிரூட்டிய அறையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பதிவுப் பிழை என்று ஆங்கிலத்தில் சொல்லி, அந்த வாரங்களை வெட்டிவிட்டுக் கணித்தேன்.

அடுத்துப் போன யோகா வெளியே வந்து, “உள்ள போ. ஒன்ன திரும்பக் கூப்பிடுறாங்க” என்றாள். உள்ளே நடந்ததைத் திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னாள்.

“பிழை இல்லீங்க சேர், திருவிழான்னேன். அடுத்த வாரத்தைப் பாருங்க, பறிக்காம விட்டதெல்லாம் முத்திப்போயி எடை கூடியிருக்கும்னேன். கூடித்தான் இருந்திச்சு. அப்ப முந்தி வந்த மிஸ்ஸுக்கு ஏன் தெரியலன்னாரு. தெரியும் சேர், போன திருவிழாவுக்கு நோட்டீஸ் எழுதினதே அவதான், வெக்கத்துல சொல்லியிருக்க மாட்டா, கூப்பிட்டுக் கேளுங்கன்னேன்.”

இரண்டாவது முறை நான் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்த வாரத்தை வெட்டி, ஏறிய வாரத்தை அப்படியே விட்டுவைத்ததால் என் கணிப்பு மிகையானதையும் நானே சொன்னேன்.

“ஒரு இடம்தான்னு தெரிஞ்சும் ஏன்டி சொன்ன?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“தனியா கொழும்புல இருந்து யாரோட ரொட்டி திங்கிறது?” பிறகு கேட்டாள். “தோட்டத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சிரும்னு பயந்தியா?” தலையாட்டினேன். “அப்ளிகேஷன்ல ஓப்பநாயக்கன்னு எழுதிக் குடுத்துட்டு வேற எதை ஒளிக்கிற?”

வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு உறுத்தாமல் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு இடம் வந்தபோது, பழைய பட்டியலிலிருந்து என்னை எடுத்தார்கள். அன்று முதல், போன வருடம் அவள் நோயோடு ஊர் திரும்பும் வரை, எதிரெதிர் மேசை. ஒரு எண் உதைத்தால் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சிங்களத்தில் ஃபோன் போடுவாள். திருவிழாத் தேதியோடு அன்னதானத்தில் என்ன கறி என்றும் விசாரித்துவிடுவாள். “வெட்டுறதுக்கு முந்தி, அந்த வாரம் என்ன நடந்திச்சுன்னு யார்கிட்டயாவது கேளுங்க” என்பதைப் புதிதாக வந்த எல்லோரும் அவளிடம் கேட்டிருப்பீர்கள்.

திருவிழாவுக்கு ஊர் போகும்போதுகூட, லீவு படிவத்தில் இத்தனை வருடமும் ‘சொந்த அலுவல்’ என்றே எழுதி வந்தேன். செவ்வாய்க்கிழமை, ‘என் தோழி யோகேஸ்வரியின் இறுதிச் சடங்கு, எங்கள் தோட்டம், ஓப்பநாயக்க’ என்று எழுதிக் கொடுத்தேன். இந்த வாரம் என் வேலை பாதிதான் நடந்திருக்கிறது. அதை யாரும் வெட்டிவிட வேண்டாம்.