மாட்டின் முதுகில் ஒரு மூடி

அப்பா செத்த பதினாறாம் நாள் காலையில் தம்பி போனில் ஒரு மாட்டின் படம் அனுப்பினான். வெண்கல மாடு. உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கோடுகள். புளி போட்டுத் தேய்க்காத செம்பைப் போலப் பச்சை படிந்திருந்தது. முதுகில் ஒரு மூடி, அதைத் தூக்குவதற்குப் பிடியாக ஒரு குட்டிப் புலி.

தம்பி வளைகுடாவில் ஒரு மியூசியத்தில் கண்ணாடி துடைக்கிறான். சீனாவின் பழைய சாமான்களை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். அப்பாவின் சாவுக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரே மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைச் சித்தப்பா போட்டார்.

படத்தோடு குரலும் வந்தது. "அக்கா, இது மூவாயிரம் வருசத்துக்கு முந்தினதாம். முதுகு வழியா சாராயத்த ஊத்தி, வாய் வழியா வடிச்சு, செத்துப்போன அப்பன் பாட்டனுக்குப் படைப்பாங்களாம். நம்ம அப்பாவுக்கும் ஒரு கிளாஸ் வச்சிரு அக்கா. நான் வந்திருந்தா என் கையால வச்சிருப்பேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யட்டியாந்தோட்டைப் பக்கம் முப்பது வருடம் இறப்பர் பால் வெட்டியவர் அப்பா. பால் வாளியை இறக்கி வைத்ததும் கால் தானாகச் சாராயத் தவறணைக்குப் போகும். கடைசியில் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பீ மூத்திரம் அள்ளியவள் நான். அவரைக் கொன்றதையே கிளாஸில் ஊற்றி அவருக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். மூவாயிரம் வருடமாக இருந்தால் எனக்கென்ன?

வெற்றிலை, சுருட்டு, அவித்த முட்டை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் படைத்தேன். சாராயம் இருக்க வேண்டிய இடத்தில் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றி வைத்தேன். இரண்டும் ஒரே நிறம். படம் எடுத்து அனுப்பி, "வச்சிட்டேன்" என்றேன். கும்பிடுகிற கைகள் மட்டும் பதிலாக வந்தன. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அப்போது நினைத்தேன். அன்று சாயந்தரமே மனசு அரிக்கத் தொடங்கிவிட்டது. தூர தேசத்தில் கிடக்கிறவன் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வருடம் கழித்து லீவில் வந்தான். இறப்பர் மரங்களுக்குக் கீழே அப்பாவின் குழி மேட்டில் மழைக்குப் புல் மண்டியிருந்தது. இரண்டு பேரும் குனிந்து பிடுங்கினோம்.

"நீ அனுப்பின படத்த அந்த மாட்டுக்கு முன்னால பிடிச்சுக் காட்டினேன்" என்றான். "பெறகுதான் கண்ணாடியத் துடைச்சேன்."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, அது சாராயம் இல்லடா. பிளேன்டீ."

அவன் நிமிரவில்லை. "தெரியும்க்கா. ஆவி பறந்துச்சே."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம இருந்தே?"

வேரோடு வந்த புல்லை உதறிப் போட்டான். "அன்னைக்கு ஒன்கூட சண்டை போட்டிருந்தா, நான் யாருக்குப் போன் எடுத்து அழுறது?"