மாமியாருக்குக் காட்டிய லென்ஸ்

கல்யாணமாகி ஏழு மாதம்வரை, எனக்கு மைனஸ் ஆறு பவர் என்பது என் மாமியாருக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று அம்மாதான் என் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, "லென்ஸ் போட்டுக்கினு வா" என்று அனுப்பினார். கணவரிடம் மட்டும் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். "எங்கம்மாகிட்ட நேரம் பாத்து சொல்லிக்கலாம்" என்றார். அந்த நேரம் வரவே இல்லை.

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் ஜன்னல் ஓரம்தான்; இல்லாவிட்டால் மலை வளைவுகளில் வாந்தி வந்துவிடும். வழியெல்லாம் காற்று முகத்தில் அறையும். பகல் முழுக்க மைக்ரோஸ்கோப். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை என்பதால் லென்ஸ் தோதாக இருந்தது. ஆனால் காலை ஆறு மணிக்குப் போட்டால், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் கழற்ற முடியும்.

கொஞ்ச நாளில் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்த ஆரம்பித்தது. சாயங்காலம் வீடு வரும்போது இரண்டு கண்ணும் சிவந்து, தண்ணீர் வழியும். முந்தானையால் துடைத்துக்கொண்டே காய் நறுக்குவேன்.

மாமியார் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும், மகனை நிற்க வைத்துக் கேட்டார்.

"அந்தப் பொண்ண இன்னாடா பண்ண? தெனம் அழுதுக்கினு கெடக்கு."

"நான் ஒண்ணும் பண்லம்மா."

"ஒண்ணும் பண்ணாமயா கண்ணு அப்பிடி செவந்து போது?"

கணவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். சமையலறையில் இருந்த எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாமியார் எதிரில் போய் நின்றேன். வலது கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தேன். ஒட்டிக்கொண்டிருந்ததால் இரண்டாவது முயற்சியில்தான் வந்தது.

"ஐயோ இயேசப்பா! கண்ணுலேர்ந்து இன்னாம்மா எடுக்கற?"

எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். மாமியார் முகத்தில் வருத்தம் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நீ அழுவலியா?"

"இல்லங்கத்த."

"அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ இன்னாடா சிரிக்கிற?" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

மறுநாள் கண் டாக்டரிடம் அவரே கூட வந்தார். டாக்டரம்மா என் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"கண்ணு காஞ்சு போயிருக்கு. லென்ஸ ஜாஸ்தி நேரம் போடறவங்களுக்கு வர்றதுதான்."

"காஞ்ச கண்ணுல எப்பிடிங்க தண்ணி கொட்டும்?" என்றார் மாமியார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

"காஞ்சு எரியறதாலதாங்க கொட்டுது. ஆனா அந்தத் தண்ணி கண்ணுல நிக்காம வழிஞ்சிடும்."

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது கண்ணைச் சிமிட்டவே மறந்துவிடுகிறேன் என்றும், பஸ் காற்று வறட்சியைக் கூட்டுகிறது என்றும் டாக்டர் விளக்கினார். கண் ஆறும்வரை லென்ஸ் கூடாது. சொட்டு மருந்து தந்தார்.

கண்ணாடியோடு முதல் நாள் வேலைக்குப் போனபோது கூச்சமாக இருந்தது. நர்ஸ் அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். கழற்றி மாட்டுவது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பஸ்ஸில் உள்பக்க சீட்டுக்கு மாறி, வாந்திக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டேன். உறுத்தல் மெல்ல மெல்லக் குறைந்தது.

போன மாதம் டாக்டர் மறுபடி பார்த்து, "நல்லா ஆறிடுச்சு. ஏதாவது விசேஷம்னா நாலு மணி நேரம் லென்ஸ் போட்டுக்கோங்க" என்றார். திரும்பும்போது மாமியார் என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனார். நான் கறுப்பு ஃப்ரேமைக் கையில் எடுத்தேன்.

"அது இன்னாத்துக்கு? இந்தச் செவப்ப எடு. உன் மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

சிவப்பையே வாங்கினோம்.