நிழல் அந்தப் பக்கம்

சோற்றுக் கையோடு எழுந்து கொல்லைக்கு ஓடுகிறார் முகம்மது யூசுப் ராவுத்தர். ஒரு சாப்பாட்டுக்குள் இது மூன்றாவது ஓட்டம். "நெத்தியில வெயில் படுதுங்கிறேன்!" நெற்றி அவருடையதல்ல, மங்குஸ்தான் கன்றினுடையது.

பினாங்கில் பதினெட்டு வருடம் கடை வைத்திருந்தவர், ஊர் திரும்பும்போது ஈரத்துணியில் விதையைச் சுற்றி, கப்பலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். மன்னார்குடிப் பக்கம் அந்தப் பழத்தைத் தின்றவர் அவர் ஒருவர்தான். ஒன்பது வருடத்தில் கன்று இடுப்பு உயரம் வந்திருக்கிறது. சித்திரை வெயில் நேரே விழுந்தால் ஒரே வாரத்தில் கருகிவிடும்.

"நெழல்லயே வளரும் தம்பி, நம்ம வூட்டுப் பொம்பளைங்க மாதிரி."

"நாங்க எங்க நெழல்ல வளந்தோம்? அடுப்புல வளந்தோம்" என்று உள்ளேயிருந்து மனைவி ஹமீதா பானு.

நம்மை "உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்திருப்பார். பேச்சின் பாதி கொல்லையிலிருந்துதான் கேட்கும்.

குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அவர் வயலில் வேலை செய்து, கொல்லைக் கோடியில் குடிசை போட்டிருந்த மருதையனுக்கு அந்த இடம் சொந்தமானது. ஊரில் மற்ற நிலக்காரர்கள் வக்கீல் வீட்டுக்கு அலைந்தார்கள். இவர் சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்தார். "அஞ்சு குழி நெலம் கூடப் போனாலும் போவட்டும் சார், கன்னு எம் பக்கம் வந்துடணும்!" வந்துவிட்டது. அதற்கு மேற்கே நின்று நிழல் தரும் பூவரசு மருதையன் பக்கம் போய்விட்டது சாயங்காலம்தான் உறைத்தது.

இப்போது மருதையன் வீடு கட்டுகிறார். சுவர் வரவேண்டிய இடத்தில் பூவரசு நிற்கிறது.

"மருதையா, தெருவோரம் எடம் தரேன். ரெண்டு மடங்கா எழுதிக்க. மரத்த மட்டும் விட்டுடுய்யா."

"மாத்தி எழுதுறேன்னு கைநாட்டு வாங்கித்தான் எங்க சித்தப்பன வெளிய தள்ளுனாங்க. நீங்க நல்லவங்கதான் ராவுத்தரே. பட்டா அத வுட நல்லது."

ராவுத்தர் கன்றின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மருதையனே இறங்கிப் பேசினார்: "கன்னு மேல வுழாம வெட்டுறேன். அது எம் பொறுப்பு."

நேற்றுப் பிற்பகல் முதல் கிளை விழுந்தது. அது மறைத்திருந்த வெயில் அப்படியே இலைகளில் இறங்கியது. ராவுத்தர் கன்றுக்கு மேற்கே போய் நின்று, தோள் துண்டை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். நுனித் தளிருக்கு நிழல் எட்டவில்லை. அரை அடி நகர்ந்து நின்றார்.