அடியில் ஒரு கீறல்

மனைவி வீட்டில் எல்லாரும் அவரைப் பார்ட்ஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். கார் உதிரி பாகங்கள் விற்கும் கடையில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று நின்றே தலை நரைத்தவர். எந்த வண்டிக்கு எந்த பேரிங், அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவற்றில் ஒன்றைக்கூடத் தன் கையால் ஒரு வண்டியில் மாட்டியதில்லை. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் மெனக்கெட்டுச் சொன்னதில்லை.

மனைவிக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் பல் டாக்டர். சொந்தக் கிளினிக், வாசலில் பெரிய கார், பேச்சில் ஒரு நிதானம். உறவு முறையில் சகலை, வயதிலும் இவருக்கு இளையவர். ஆனாலும் 'தம்பி' என்று கூப்பிட இவருக்கு வாய் வரவில்லை, 'டாக்டர்' என்றுதான் வரும். மாமனார் வீட்டில் நாலு பேர் கூடினால் டாக்டருக்கு ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலி. அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போடுகிறவர் இவர். யாராவது வண்டி வாங்கப் போகிறார்கள் என்றால் மட்டும் கதை மாறும். அன்றைக்கு எல்லாரும் இவர் வாயையே பார்ப்பார்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்கிருந்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது. அது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

டாக்டருக்கு நடு வயதில் ஓர் ஆசை வந்தது. யாரோ ஓட்டிய சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, இரண்டே சீட்டு, விலைக்கு வந்திருந்தது.

"அண்ணா, நீங்க வரலன்னா நான் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன்" என்றார் டாக்டர். பார்ட்ஸ்காரர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரின் பெரிய காரில் போகும் வழி நெடுக உபதேசம்தான்.

"இன்ஜின் ஆறிப்போயிருக்கணும் டாக்டர். போனதும் பானட் மேல கைய வைங்க. சூடா இருந்தா நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். காலைல இருமற வண்டிய அப்படித்தான் மறைப்பாங்க. பாட்ட அணைச்சிடுங்க, சத்தத்தக் கேக்கணும். வழவழன்னு இருக்கற ரோட்டுல எந்த வண்டியும் நல்லாத்தான் போகும், குண்டும் குழியுமா இருக்கற பக்கம் விட்டுப் பாருங்க. ஏறி உக்காந்துட்டு ஒரு தடவ இறங்கியும் பாருங்க. இந்த மாதிரி வண்டில ஏறிடலாம், இறங்கறப்பதான் முதுகுல எத்தன எலும்பு இருக்குன்னு தெரியும்."

டாக்டர் வாய் திறந்து உட்கார்ந்திருக்கும் நோயாளி போலக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"விக்கறவர் முன்னாடி வண்டியப் பாத்துச் சிரிச்சிடாதீங்க, விலை இறங்காது. ஓட்டி முடிச்சதும் குனிஞ்சு அடியில பாக்காம மட்டும் வந்துடாதீங்க. எல்லாரும் மேல பெயின்ட்டத்தான் பாக்கறாங்க. வண்டவாளம் பூரா அடியிலதான்."

வண்டியை விற்கிறவர் ஒரு பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார், இளைஞர். மனைவிக்கு நிறைமாதம். "ரெண்டு சீட்டுல மூணு பேர் உக்கார முடியாதே சார்" என்று சிரித்தார். ஆனால் வண்டியின் கூரைமேல் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை. டாக்டர் பானட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. அந்த மனுஷன் எதையும் மறைக்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் ஓட்டப் போனார். திரும்பி வரும்போது படித்த பாடம் அத்தனையும் மறந்து, தொழிலுக்கு ஏற்றபடி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு இறங்கினார். அடுத்தது பார்ட்ஸ்காரர் முறை. வாத்தியார் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க தனியாவே ஓட்டிப் பாருங்க சார். நான் பக்கத்துல இருந்தா மனசு விட்டு ஓட்ட மாட்டீங்க. நான் அதுக்குள்ள சாருக்குப் பேப்பரெல்லாம் காட்டறேன். ஸ்கூல் முனைல இருக்கற வேகத்தடை மட்டும் கொஞ்சம் உயரம். நேரா ஏத்தாதீங்க, சாய்வா மெதுவா ஏத்துங்க."

"அதை எனக்கே சொல்றீங்களா?" என்றார் பார்ட்ஸ்காரர். டாக்டர் பெருமையோடு சிரித்தார்.

உண்மையைச் சொன்னால், இப்படி ஒரு வண்டியில் அவர் அதுவரை உட்கார்ந்ததே கிடையாது. தன்னுடைய பழைய சின்ன காரையும், கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளர் வண்டிகளையும் தவிர அவர் எதையும் ஓட்டியதில்லை. சீட்டில் இறங்கியதும் சாலை கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினார், முதுகு போய்ச் சீட்டில் ஒட்டிக்கொண்டது. சத்தம் கேட்கவேண்டும், பிரேக் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆள் இல்லாத வண்டிக்குள் தனியாக வாய்விட்டுச் சிரித்தார். மாமனார் வீட்டு வாசலில் எல்லாரும் வரிசையாக நிற்பது போலவும், தான் இதில் வந்து இறங்குவது போலவும் ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது. அந்தக் காட்சியில் அவர் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் வேகத்தடை வந்தது. நேராக ஏற்றினார்.

சிமென்ட் தரையில் இரும்பு அண்டாவை இழுத்தது போல அடியில் நீளமாக ஒரு சத்தம்.

வாத்தியார் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வெளியில் யாரும் இல்லை. ஷூ லேஸ் கட்டுகிறவர் போலக் குனிந்தார். முன்பக்கத்து அடித்தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகக் கீறியிருந்தது. கையால் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. உள்ளே போய், 'தட்டிடுச்சு சார், தப்பா நெனைக்காதீங்க' என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வண்டி ஓட்டுகிற யாருக்கும் நடப்பதுதான். ஆனால் சொல்லியும் கேட்காமல் வேகத்தடையில் இடித்தார் என்ற பேச்சு டாக்டர் மூலமாக மாமனார் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேருமே. அதை நினைத்ததும் எழுந்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எப்படிண்ணா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் வெளியே வந்தார்.

"அருமையா இருக்கு. எடுத்துக்கலாம்."

டாக்டர் நல்ல மாணவர், அதுதான் வினையாகப் போனது. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சையும், வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் எடுத்தார். வெள்ளைச் சட்டையோடு தெருவில் குப்புறப் படுத்து, கடைவாயைப் பார்ப்பது போல வண்டியின் அடியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அண்ணா, இங்க பாருங்க. கீறல் இருக்கு."

வாத்தியார் பதறிப்போய்த் தானும் படுத்துப் பார்த்தார். "இது எப்படி சார்? போன மாசம் நான்தானே அடியெல்லாம் கழுவினேன், அப்ப இல்லையே" என்றார். டாக்டர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நீங்க சொல்லுங்கண்ணா. பழசா, புதுசா?"

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். வாத்தியாரின் மனைவியும் தண்ணீர்த் தட்டோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"பழசுதான்" என்றார் பார்ட்ஸ்காரர்.

"அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும். கடைல தினமும் இதையே பாக்கறவரு" என்றார் டாக்டர்.

வாத்தியாருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "உங்கள ஏமாத்தணும்னு நெனைக்கல சார். சத்தியமா எனக்குத் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வகுப்பில் செய்யாத தப்புக்கு எழுப்பி நிறுத்தப்பட்ட பையன் போல இருந்தது அவர் முகம். பார்ட்ஸ்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லிவிடலாம், இந்த மூச்சில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த மூச்சும் போய், அதற்கடுத்த மூச்சும் போனது.

"நான்தாங்க" என்றாள் வாத்தியார் மனைவி. "போன வாரம் செக்கப்புக்கு நீங்க வர முடியலன்னீங்களே, அப்ப எடுத்துட்டுப் போனேன். ஸ்கூல் முனைல தட்டிடுச்சு. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

"இந்த வயித்த வச்சுக்கிட்டு இந்த வண்டில போனியா?" என்றார் வாத்தியார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, கேட்டிருந்தால்கூட அவ்வளவு குறைத்திருக்க வேண்டாத அளவுக்கு, வாத்தியாரே விலையைக் குறைத்துவிட்டார்.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. டாக்டர் சிவப்பு வண்டியில் ஏறிப் போனார். அவருடைய பெரிய காரைப் பார்ட்ஸ்காரர் ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஏற்பாடு. வாத்தியார், வண்டி போன திக்கைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார் பார்ட்ஸ்காரர்.

"தெரியும் சார். நீங்க வந்து நிறுத்தினப்ப நான் மாடில துணி எடுத்துட்டு இருந்தேன். குனிஞ்சு தொடச்சதப் பாத்தேன்."

பார்ட்ஸ்காரர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இப்பவே உள்ள வந்து சார்கிட்ட சொல்லிடறேன்மா."

"வேணாம். ஏற்கெனவே வாங்க வந்தவங்கள ஏதோ ஒரு சாக்கு சொல்லி இவர் திருப்பி அனுப்பிட்டாரு. இன்னிக்கும் ஒரு சண்டை வந்திருந்தா இதான் சாக்குன்னு வண்டிய வச்சுக்கிட்டிருப்பாரு. குழந்தை வர்ற நேரத்துல எனக்கு வண்டி போனாப் போதும். அதான் என் தலைல போட்டுக்கிட்டேன்."

"அப்ப அந்தக் கொறச்ச பணத்தையாவது நான்..."

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு அவர்கிட்ட என்ன சொல்றது சார்?"

அவள் கேட்டைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். கோபம் ஒன்றும் இல்லை, களைத்த குரலில்தான் சொன்னாள்.

"ஆனா உடனே சொல்லல சார் நான். நீங்க சொல்வீங்கன்னு கொஞ்ச நேரம் பேசாமதான் நின்னேன்."

பார்ட்ஸ்காரர் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். போன் அடித்தது. மனைவி. கல்யாணமான புதிதில்கூட அவள் குரலில் அவர் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டதில்லை.

"டாக்டர் வழியிலயே எல்லாருக்கும் போன் போட்டுட்டாரு. அண்ணன் ஒரு பார்வை பாத்தாரு, விலை தானா இறங்கிடுச்சுன்னு ஒரே பாராட்டு. இன்னிக்கு சாப்பாடு எங்க அப்பா வீட்லதானாம், நீங்க வந்தாத்தான் இலையே போடணும்னு அப்பா சொல்லிட்டாரு. தங்கச்சி, சித்தி, அத்தை எல்லாரும் கேட்டுட்டு இருக்கறப்பவே சொன்னாரு, தெரியுமா?"

அவர் கண்ணாடி வழியாக அந்தச் சாத்திய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"ஓட்டிட்டு இருக்கேன்" என்றார். கார் இன்னும் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.