மைனஸ் மூன்று விநாடி

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் மிஸ். விளையாட்டுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தும் போன வருஷம் விளையாட்டு விழாவில் மூக்கை நுழைத்தேன். ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பார்க்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். விசில் ஊதும்போது விசையை ஒரு முறை அமுக்க வேண்டும், ரிப்பன் அறும்போது இன்னொரு முறை. லேபிலிருந்த பழைய கம்ப்யூட்டரை மைதானத்தில் மேசை போட்டு வைத்தோம்.

எண்ணூறு மீட்டருக்குப் பெண்கள் அதிகம். இரண்டு குழுவாக ஓடவிட்டோம். இரண்டிலும் முதலில் வந்தவர்களில் யார் குறைந்த நேரத்தில் ஓடினாளோ அவளுக்குத்தான் வட்டாரப் போட்டி. முதல் குழுவில் உள்ளூர்ப் பெண் ஜெயித்தாள். இரண்டாவதில் ஜெயித்தவள் வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்தவள், வெறுங்காலில் ஓடினாள். என் கம்ப்யூட்டர் அவளுக்கு இரண்டு விநாடி அதிகம் காட்டியது.

பி.டி. சார் தன் ஸ்டாப்வாட்சை நீட்டினார். "என் வாட்ச்சுல மலைப்பொண்ணுதாங்க மிஸ் முந்தி. ஒரு செகண்டு."

"கையால அமுக்கறதுங்க சார், முன்னப்பின்ன ஆகும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றேன். கம்ப்யூட்டர் விசையை அமுக்கியதும்கூட ஒரு கைதான், என் கை. அது அப்போது உறைக்கவில்லை.

"நான் நல்லாத்தான் ஓடுனேங்க மிஸ்" என்றாள் அவள். நான் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியை என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டாரப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில், எட்டாம் வகுப்புக்கு அந்தப் புரோகிராமைச் செய்து காட்டினேன். விசையை இரண்டு முறை சட்டென்று அமுக்கினேன். திரையில் மைனஸ் மூன்று விநாடி என்று வந்தது.

"மிஸ், கிளம்பறதுக்கு முன்னாடியே வந்து சேந்துட்டாங்க!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்று மாலை உட்கார்ந்து தேடியதில் விஷயம் பிடிபட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு கோர்கள், அதாவது வேலையைப் பகிர்ந்து செய்யும் இரண்டு மூளைகள். ஒவ்வொன்றும் தன் துடிப்பைத் தனியாக எண்ணி நேரம் சொல்கிறது. வேலை இல்லாதபோது ஒன்று உறங்கிவிடும், அதன் கணக்கு பின்தங்கிவிடும். நேரத்தை ஒழுங்காக விண்டோஸிடம் கேட்காமல், நான் நேராகக் கோரிடம் கேட்டிருந்தேன். வத்தல்மலைப் பெண் கிளம்பிய நேரத்தைச் சொன்னது பின்தங்கிய கோர், வந்து சேர்ந்த நேரத்தைச் சொன்னது மற்றது. அவள் ஓடாத மூன்று விநாடியை அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

இரண்டு வரிகளை மாற்றினேன், சரியாகிவிட்டது. போட்டிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பி.டி. சாரிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயரை மாற்றியிருப்பார். கூட்டத்தில் வாங்கிய கைதட்டலை நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

இந்த வருஷம் வட்டாரப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது பி.டி. சார் அந்தப் பெண்ணை ஓடக் கூப்பிட்டார். எனக்கு எதிரிலேயே அவள் சொன்னாள்: "நான் மெதுவுங்க சார். மிஸ்ஸோட கம்ப்யூட்டரே காட்டிருச்சுங்களே. ஓடறத உட்டுட்டேங்க." அவள் குரலில் கோபமே இல்லை.

ஓடுகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுத என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துப் பார்த்து எழுதியவள், ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்டாள்.

"இது கரெக்டா இருக்குமுங்களா மிஸ்?"

"இருக்கும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. போன வருஷமே, போட்டிக்கு இரண்டு நாள் முன்பே, திருத்திவிட்டேனே.