பலத்த காற்றுக்கு ஆறு சொற்கள்

கற்பிட்டியில், பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. உயர்ந்த ஆங்கிலம் பேசியே தீருவது என்று ஒத்த சொல்லும் எதிர்ச்சொல்லுமாகக் கொப்பி நிறைய எழுதி மனப்பாடம் செய்தேன். பலத்த காற்றுக்கு மட்டும் ஆறு சொற்கள். கொப்பியைப் பிடித்துக் கேள்வி கேட்ட என் அக்கா, மூத்த ராத்தா, அலுத்துக்கொண்டாள்.

"ஒரு காத்துக்கு இத்தின பேரா? நமக்குக் கச்சான் காத்தும் வாடைக் காத்தும் போதுமே."

அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலை ஒரு ஜெர்மன்காரி வந்து வெளியே காற்று எப்படி என்று கேட்டாள். ஆறில் ஆகக் கடினமானதைச் சொன்னேன். விழித்தாள். அடுத்ததைச் சொன்னேன். அதற்கும் விழித்தாள். எதிர்ச்சொல்லைச் சொல்லி, அது இல்லை என்று கையை ஆட்டியும் பார்த்தேன்.

"எனக்கும் ஆங்கிலம் படித்து வந்ததுதான்," என்றாள் வெட்கத்துடன். "இங்கே நீங்கள் இந்தக் காற்றை எப்படிச் சொல்வீர்கள்?"

"கச்சான்."

இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு என் பேனையை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கடலுக்குப் போனாள்.

ராத்தாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.