கடலுக்குப் போய்வந்த வைக்கோல்

மாரி மழை தொடங்கினால் என் வாப்பாவும் மாமாவும் கதைக்கமாட்டார்கள். வாப்பாவுக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் வயல். உம்மாவின் தம்பியான மாமாவுக்குக் கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலை. ஆறு கடலில் சேரும் இடத்தை மணல்மேடு அடைத்துக்கொள்ளும். வயல்களில் வெள்ளம் ஏறும். மேட்டை வெட்டிவிட வேண்டும் என்பார் வாப்பா. வெட்டினால் கறுப்புத் தண்ணீர் இறங்கி மீனை விரட்டிவிடும் என்பார் மாமா. நடுவில் அகப்பட்டவர் உம்மா. அந்த நாட்களில் தம்பி வீட்டு மீன் வராது. எங்களுக்குப் பருப்பும் முட்டையும்தான்.

எனக்கு எட்டு வயதான வருடம் பயிர் தலைமூழ்கியது. ஆற்றின் மேற்பக்கத்து அணையையும் திறந்துவிட்டார்கள். மாடுகளுக்கென்று வாப்பா வயலோரம் குவித்து, நீல நைலோன் கயிற்றால் கட்டி வைத்திருந்த வைக்கோல் கும்பி ஒரு காலையில் இருந்த இடத்தில் இல்லை. அன்றே பெக்கோ இயந்திரம் வந்து மணல்மேட்டை வெட்டியது. தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் ஆற்றுவாழைச் செடிகளையும் குப்பைகூளத்தையும் இழுத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்ததை வாப்பாவின் பக்கத்தில் நின்று கைதட்டிப் பார்த்தேன். பயிர் தப்பியது.

கடல் தணிந்ததும் மாமா வலை போட்டார். இழுக்க இழுக்க வலை கனத்ததாம். பாரை மீன் கூட்டம் விழுந்துவிட்டது என்று கரையெல்லாம் ஒரே சத்தம். கோபத்தை மறந்து, சட்டிபானையோடு வரும்படி உம்மாவுக்கும் சொல்லியனுப்பினார். நாங்கள் ஓடிப்போய் நின்றபோது வலையின் மடி கரையேறியது. உள்ளே வைக்கோல். கறுத்து, ஊறி, நீலக் கயிறு சுற்றிய வைக்கோல்.

மாமா கயிற்றைப் பார்த்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் எங்கள் வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது.

"மச்சான், உங்கட வைக்கல் கடலுக்குப் போயிட்டு வந்திரிக்கி. குறையுதா எண்டு பாத்து இறக்குங்க" என்றார் மாமா.

வாப்பா லொறியைச் சுற்றி வந்தார். சண்டைதான் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவர், "வலை கிழிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

"ஓம். ரெண்டு இடத்துல."

"உள்ளுக்கு வாங்க. நாளைக்கு வலை பொத்த நானும் வாறன்."

முற்றத்தில் வைக்கோலை உதறிய உம்மாதான் முதலில் கூவினார்: "இஞ்ச பாருங்க, இறால்!" உதற உதற விழுந்துகொண்டே இருந்தன. மஃரிப் தொழுகைக்குப் பிறகு இறால் ஆணமும் சோறுமாக மச்சான்மார் இருவரும் ஒரே சகன் தட்டில் கைவைத்தார்கள்.

"கடல் வைக்கல் தின்னுமா மாமா?" என்று கேட்டேன்.

"திண்டா எனக்கேன் இந்தப் பாடு புள்ள?" என்றார். வாப்பா சிரித்ததில் அவருக்குப் புரைக்கேறியது.

ஆற்றுத் தண்ணீரின் அந்தக் கறுப்பை அப்போது வெறும் அழுக்கு என்றே நினைத்திருந்தேன். இலையும் வேரும் வைக்கோலும் மக்கிய சாரம் அது. பாடப்புத்தகத்தில் காபன் என்ற பெயரில் அதைச் சந்திக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. மெல்ல மெல்ல வயல் சேற்றில் படிந்து, மண்ணுக்குச் சத்தாகி, கொஞ்சங் கொஞ்சமாய்க் கடலுக்குப் போக வேண்டியதை, அணையில் மறித்தும் மேட்டை வெட்டியும் ஒரேயடியாக அனுப்பிவிட்டோம் என்பதும் தெரியாது. வெள்ளம் வடிந்த மறுவாரம், பயிர் மஞ்சளாய்க் கிடக்கிறது, மண்ணில் சத்தில்லை என்று சொல்லி வாப்பா கல்முனைக் கடைத்தெருவுக்கு உரம் வாங்கப் புறப்பட்டார். நானும் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு, ஐஸ்கிரீம் கிடைக்கும் என்ற நினைப்பில், சந்தோஷமாகவே போனேன்.